அளந்த அடியும் மீண்ட உடலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே பேராதனையில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவிலே பேசவேண்டும் எனச் செயலாளர் எம்மைக் கேட்டபோது, சமயப் பொருளையோ இலக்கியப் பொருளையோ யாம் எடுத்துக்கொள்வோம் என்றே அவர் எண்ணியிருப்பார். அவ்விரண்டையும் எம்மினும் நன்கறிந்தோர் இம்மேடையிலே வீற்றிருக்கின்றனர். ஆதலின், எமது இல்லத்திலே நிகழ்ந்து, எம்மைக் கலங்க வைத்து, பின் தெளிய வைத்த ஒரு பொருளைப் பற்றியே பேச விரும்புகின்றோம். புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவர் தேறி வருகின்றாரா, அன்றித் தளர்ந்து போகின்றாரா என்பதை, அவர் நாள்தோறும் நடக்கும் நடையை அளந்து ஓரளவு அறியலாம் என்பதே அப்பொருள்.

யாம் வைத்தியர் அல்லோம். 1962 ஆம் ஆண்டு தொட்டு மருத்துவ பீடம் ஒன்று நடைபெற்றுவரும் பேராதனையிலே நின்று வைத்தியம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் செயலாகும். எனினும், வைத்தியசாலையிலே ஒரு வாரம் கழிக்கும் நோயாளி அதன் பின் பல மாதங்களைக் கழிப்பது வீட்டிலேயே அன்றோ? அப்பல மாதங்களுக்கும் பொறுப்பாளர்கள் வீட்டாராகிய நாமே. அப்பொறுப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

எமது சின்னம்மா கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றபின் பேராதனையிலே எம்முடன் வசித்து வருகின்றார். காரணமின்றி இளைத்தார், படியேறினால் மூச்சு வாங்கிற்று, முகம் வெளிறிற்று. இரத்தப் பரிசோதனையிலே சோகை என்றனர். காரணத்தைத் தேடியபோது பெருங்குடலிலே புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. குடலின் ஒரு பகுதியை அகற்றவேண்டும் என்று வைத்தியர் கூறினார்.

சத்திரசிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்நாட்களிலே சும்மா இருக்கவேண்டாம், இயன்ற அளவு தினமும் நடக்கவேண்டும், எவ்வளவு நடந்தார் என்பதைக் குறித்துக் கொண்டு வரவேண்டும் என்று இயன்மருத்துவர் சொல்லியனுப்பினார். எம் தம்பியின் மகன் தன் கையிலே கட்டியிருந்த அடி எண்ணும் கைப்பட்டியைக் கழற்றிச் சின்னம்மாவின் கையிலே கட்டினான். அவனே ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து, தேதியையும் அடிகளின் தொகையையும் எழுதத் தொடங்கினான். பன்னிரண்டு நாளுக்கும் சராசரி பார்த்தபோது நாளொன்றுக்கு 4,200 அடி வந்தது. அந்த எண்ணின் அருமை அன்று எமக்குத் தெரியவில்லை.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. மறுநாள் யாம் பார்க்கச் சென்றபோது கண்ட காட்சி எம்மைத் திடுக்கிடச் செய்தது. தாதி ஒருவர் சின்னம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கி, கையைப் பிடித்து, அறை வாசல்வரை நடத்திக்கொண்டிருந்தார். வயிற்றைத் திறந்து தைத்து ஒரு நாள் ஆகவில்லையே என்று யாம் பதறினோம். தாதியோ அமைதியாக, "படுத்தே இருந்தா நெஞ்சில சளி கட்டும், கால்ல இரத்தம் கட்டும். வாசல் வரைக்கும் போயிட்டு வரட்டும், ஐயா" என்றார். அன்று கொப்பியிலே ஏறிய தொகை 60.

அந்தத் தாதி சொன்னது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. வயிற்றுச் சத்திரசிகிச்சை பெற்றவரை வாரக்கணக்கிலே அசையாது படுக்க வைத்திருந்த காலத்திலேயே, 1899 இல், சிக்காகோ நகரத்து வைத்தியரான எமில் றீஸ் என்பவர், தம் நோயாளரைச் சில நாட்களுக்குள்ளாகவே எழுப்பி நடக்க விட்டதையும் அவர்கள் நன்றாகத் தேறியதையும் எழுதினார். உலகம் அவர் சொல்லை உடனே ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே கட்டில்களுக்கும் தாதியருக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு, நோயாளரை விரைவில் எழுப்பவேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் பல நாட்டு வைத்தியரும் இவ்வுண்மையைக் கண்கூடாகக் கண்டனர். 1947 இல் இலண்டன் வைத்தியர் ரிச்சட் ஆஷர், படுக்கையிலே கிடப்பதன் ஆபத்துக்களைப் பற்றியே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். 1990 களிலே டென்மார்க் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றிக் கெலெற், நோவைக் குறைத்தல், விரைவில் உணவு கொடுத்தல், விரைவில் நடக்க வைத்தல் ஆகியவற்றை ஒரே முறையாகத் தொகுத்தார். பெருங்குடற் சத்திரசிகிச்சையிலே அம்முறை இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது.

படுக்கை ஏன் பகையாகின்றது? அசையாத காலிலே குருதி மந்தமாக ஓடும். நாளத்திலே கட்டி உண்டாகும். அது பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே இடர். புற்றுநோயாளருக்கு இவ்வாறு குருதி கட்டும் இயல்பு ஏனையோரினும் மிகுதி. நோவுக்கு அஞ்சி மெல்ல மூச்சுவிட்டுக் கிடப்பவரின் நுரையீரலின் அடிப்பாகம் விரிவதில்லை. அங்கே சளி தங்கிக் காய்ச்சலாகும். தசையோ உழைக்காவிடில் கரையும். 2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, நோயேதும் இல்லாத முதியோரைப் பத்து நாள் படுக்கையிலே வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது. நலமாக இருந்தவர் நிலையே அதுவாயின், நோயும் கத்தியும் கண்ட உடலின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி அளவைக்கு வருவோம். நோயாளி எவ்வளவு இயங்குகின்றார் என்பதை வைத்தியர் எவ்வாறு அறிந்தனர்? நெடுங்காலம் கேட்டறிந்தனர். 1949 இல் அமெரிக்க வைத்தியர் டேவிட் கார்னொவ்ஸ்கி புற்றுநோயாளரின் இயங்கும் ஆற்றலுக்கு 100 முதல் 0 வரை புள்ளியிடும் முறையொன்றை வெளியிட்டார். தம் கருமங்களைத் தடையின்றிச் செய்பவருக்கு 100. இதனிலும் எளிய அளவுகோல் ஒன்று 1982 இல் வெளியாயிற்று. விழித்திருக்கும் நேரத்திலே பாதிக்கு மேல் ஒருவர் எழுந்து நடமாடுகின்றாரா, அன்றிப் பாதிக்கு மேல் கட்டிலிலும் கதிரையிலும் கழிக்கின்றாரா என்பதே அதன் நடுக்கேள்வி. புற்றுநோய் வைத்தியர் இன்றும் இதனைக் கேட்டே மருந்தின் வன்மையைத் தீர்மானிக்கின்றனர்.

ஆனால் கேட்டறிவதிலே ஒரு குறை உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன விடை வரும்? "பரவாயில்லை" என்பார்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கலாகாது என்று எண்ணுவோரும் அதையே சொல்வார்கள். மீண்டும் வைத்தியசாலைக்குப் போக அஞ்சுவோரும் அதையே சொல்வார்கள். வைத்தியர் கேட்பது மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம். அன்றைய தினம் நல்ல சேலை உடுத்தி, தைலம் பூசி, தெம்பாக வந்து அமர்பவரின் எஞ்சிய இருபத்தொன்பது நாளை அவர் எவ்வாறு காண்பார்?

அந்த நாட்களைக் காட்டுவதற்கே எண்ணும் கருவி உதவுகின்றது. 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபின், 1965 இல் யப்பானிலே இடுப்பிற் செருகும் அடி எண்ணும் கருவியொன்று விற்பனைக்கு வந்தது. பதினாயிரம் அடி அளவி என்பது அதன் பெயர்ப் பொருள். இன்று எல்லோரும் ஓதும் பதினாயிரம் அடிக் கணக்கு இந்த விற்பனைப் பெயரிலிருந்து பரவியதேயன்றி வைத்திய ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததன்று. 2019 இல் ஹாவட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்விலே, சராசரி 72 வயதுடைய பெண்களுள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தோரிடையே மரணம், 2,700 அடி நடந்தோரிலும் மிகக் குறைவாயிருந்தது. 7,500 அடிக்கு மேல் மேலதிகப் பயன் காணப்படவில்லை. ஆதலின் பதினாயிரத்தை எட்டவில்லையே என்று எந்த முதியவரும் வருந்தவேண்டியதில்லை.

இக்காலத்துக் கைப்பட்டிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் உள்ளது ஊசிமுனையளவான சிறு பொறி. அதனுள்ளே மெல்லிய வில்லிலே தொங்கும் நுண்ணிய பாரம் ஒன்று உடல் அசையுந்தோறும் அசையும். ஒவ்வோர் அடிக்கும் எழும் ஏற்ற இறக்கத்தை அது அடியாகக் கணக்கிடும். ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். மிக மெதுவாகக் காலை இழுத்து நடப்பவரின் அடிகளையும், கைத்தடியையோ சுவர்க் கம்பியையோ பற்றி நடப்பவரின் அடிகளையும் கையிலே கட்டிய பட்டி தவற விட்டுவிடும். கை வீசப்படுவதில்லை அன்றோ? அத்தகையோருக்கு இடுப்பிலோ கணுக்காலிலோ அணியும் கருவி பொருத்தமானது. எங்கே கட்டினாலும் நாள்தோறும் ஒரே இடத்திலே கட்டவேண்டும். இன்றேல் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியாது.

இவ்வெண்ணிக்கையை வைத்தியசாலைகளிலே சோதித்தும் பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவின் பிற்ஸ்பேக் நகரிலே, வயிற்றறை உறையிலே பரவிய புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற 71 பேருக்குக் கைப்பட்டி கட்டி எண்ணினர். வைத்தியசாலையிலிருந்த நாட்களிலே கூடுதலாக நடந்தோர், வீடு சென்றபின் மீண்டும் வைத்தியசாலையிலே சேரவேண்டி வந்தது குறைவு என 2018 இல் வெளியிட்டனர். 2019 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகர் வைத்தியசாலையொன்றிலே பெருஞ் சத்திரசிகிச்சை பெற்ற 100 பேரை அளந்தபோது, முதல் நாளிலே 1,000 அடி வரையும் அடிகள் கூடக்கூட, நீண்டநாள் தங்க நேருவது குறைந்தது. 1,000 க்கு மேல் நடந்ததனால் அதற்குமேல் வேறுபாடு தெரியவில்லை.

இங்கே ஒரு மயக்கம் தீரவேண்டும். நடந்ததனால் தேறினாரா, தேறியதனால் நடந்தாரா? இத்தகைய ஆய்வுகள் இதனைத் தீர்த்துச் சொல்லா. உள்ளே கோளாறு உள்ளவர் நடக்கமாட்டார். ஆதலால் குறைந்த அடி கோளாற்றின் காரணமாகாது, அறிகுறியாகவே இருக்கலாம். ஆனால் வீட்டாராகிய நமக்கு அறிகுறியும் பெரிதன்றோ? புகை நெருப்பை உண்டாக்குவதில்லை. எனினும் புகையைக் கண்டு ஓடுகின்றோம்.

இனி எமது வீட்டுக் கதையைத் தொடர்வோம். ஏழாம் நாள் சின்னம்மா வீடு திரும்பினார். வைத்தியசாலையிலே கடைசி நாளில் 650 அடி நடந்திருந்தார். வீட்டிலே முதல் நாள் எத்தனை தெரியுமா? 210. யாம் அவருக்குத் தனியறை ஒழுங்கு செய்தோம். உணவைக் கட்டிலுக்கே கொண்டுபோனோம். தண்ணீர் எடுக்க எழுந்தாலும் "படுங்கள், படுங்கள்" என்று நால்வர் ஓடினோம். பார்க்க வந்த உறவினரும் அசையவேண்டாம் என்றே புத்தி கூறிச் சென்றனர். இரவு கொப்பியை எழுத வந்த பையன் எம்மை நிமிர்ந்து பார்த்து, "பெரியப்பா, ஆஸ்பத்திரியில நடந்ததுல மூணுல ஒரு பங்குகூட நம்ம வீட்டுல நடக்கலையே" என்றான். எமக்கு வெட்கமாயிருந்தது. எம் அன்பு அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தது. அந்தக் கணக்கு இல்லையேல் யாம் அதை அறிந்தே இருக்கமாட்டோம்.

மறுநாள் முதல் முன்விறாந்தையிலே நடக்க விட்டோம். அடிகள் 500 ஆயின, 800 ஆயின, பன்னிரண்டாம் நாள் 1,050. வீட்டிலே எல்லோருக்கும் மகிழ்ச்சி. பதின்மூன்றாம் நாள் 430. கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல தம்பி, மழைக் குளிரு" என்றார். மழையும் பெய்துகொண்டுதான் இருந்தது. பதினான்காம் நாள் மாலை மூன்று மணிவரையில் 120. காய்ச்சல் இல்லை, நோவு கூடவில்லை என்றார், சோறும் சிறிது உண்டார். கொப்பியை மட்டும் பார்த்தால், ஏறிவந்த கோடு இரண்டு நாளாகச் சரிந்துகொண்டிருந்தது. யாம் வைத்தியசாலைக்குத் தொலைபேசியிலே சொன்னோம். உடனே கொண்டுவரச் சொன்னார்கள். போகும் வழியிலேயே அவருக்கு நடுக்கம் கண்டது. தையலின் கீழே சீழ் கட்டியிருந்தது. அதனைத் திறந்து வெளியேற்றி, கிருமிகொல்லி மருந்து கொடுத்து, நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வைத்தியர் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "நேரத்தோடு வந்தீர்கள், இதைத் தொடர்ந்து எழுதுங்கள்" என்றார்.

இளைஞர்களே, இவ்வுரையிலே யாம் சொல்ல வந்த ஒரே செய்தி இதுவே. எண் பெரிதா சிறிதா என்று பாராதீர்கள். அது எத்திசையிலே செல்கின்றது என்று பாருங்கள். சின்னம்மாவின் 430 அடி வேறொருவருக்கு நல்ல முன்னேற்றமாக இருந்திருக்கும். நேற்று 1,050 நடந்தவருக்கு அது அபாயமணியாயிற்று. நோயாளியை அடுத்த வீட்டாரோடு ஒப்பிடலாகாது. பத்திரிகையிலே வந்த தொகையோடும் ஒப்பிடலாகாது. அவரை அவருடைய நேற்றோடும், சத்திரசிகிச்சைக்கு முந்திய அவருடைய நடையோடும் மட்டுமே ஒப்பிடவேண்டும். இதனாலேயே முன்கூட்டி எடுத்த அந்த 4,200 என்ற எண் அருமையானது. எங்கே திரும்பிச் செல்லவேண்டும் என்று அறியாதவர் திரும்பி வந்துவிட்டதை எவ்வாறு அறிவார்?

அடிக்கணக்கு எல்லாவற்றையும் அளந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். நமது மலைநாட்டிலே சமதரையில் வைக்கும் நூறடியும், ஹந்தானைச் சரிவிலே ஏறும் நூறடியும் ஒன்றாகா. கருவிக்கு இரண்டும் நூறே. மேலும் உறுப்புக்கு ஏற்ற அளவையும் வேண்டும். நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய். மார்பகச் சத்திரசிகிச்சை பெற்றவருக்குக் கால் நன்றாக நடக்கும், தோள்தான் இறுகிப்போகும். அவர் சுவரோரம் நின்று விரல்களாலே சுவரில் ஏறி, எட்டிய உயரத்திலே பென்சிலாற் கோடிட்டு, வாரந்தோறும் கோடு உயர்கின்றதா என்று பார்ப்பது சிறந்த அளவை. வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குத் தாடை இறுகும். வாயினுள் நேராக எத்தனை விரல் புகுகின்றது என்று பார்ப்பது பழைய எளிய அளவை. பற்களுக்கிடையே 35 மில்லிமீற்றருக்கு மேல் திறக்காவிடின் அதனை இறுக்கம் என்று வைத்தியர் கொள்வர். இவையெல்லாம் இயன்மருத்துவர் காட்டும் முறைப்படி, அவர் சொல்லும் நாளிலிருந்தே செய்யவேண்டியவை.

வைத்தியசாலைகளிலே செய்யும் ஆறு நிமிட நடைச் சோதனையும் உண்டு. 30 மீற்றர் நீளமான சமதரையிலே நோயாளியைத் தம் போக்கிலே ஆறு நிமிடம் நடக்கவிட்டு, எத்தனை மீற்றர் சென்றார் என்று குறிப்பார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னும் சில வாரங்களின் பின்னும் செய்தால் மீட்சி எவ்வளவு என்பது எண்ணிலே தெரியும்.

புண் ஆறிய பின்னும் நடை வேண்டுமா என்று கேட்கலாம். இதற்கு வலிய சான்று 2025 இல் வெளிவந்தது. கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலே, பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் இரசாயன சிகிச்சையும் முடித்த 889 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மூன்று ஆண்டு பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சி. மற்றப் பிரிவினருக்கு உடல்நல அறிவுரை நூல்கள் மட்டும். ஐந்தாண்டின் பின் நோய் திரும்பாது வாழ்ந்தோர் பயிற்சிப் பிரிவிலே நூற்றுக்கு 80 பேர். மற்றதிலே 74 பேர். எட்டாண்டின் பின் உயிரோடிருந்தோர் 90 பேரும் 83 பேரும். பயிற்சியென்றால் பெரிதொன்றுமில்லை, வாரத்துக்கு மூன்று நான்கு முறை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விரைந்து நடப்பதற்கு ஒப்பான அளவே. முன்னைய ஆய்வுகளிலே இருந்த மயக்கம் இங்கே இல்லை. பிரிவைத் தீர்மானித்தது குலுக்கலேயன்றி நோயாளியின் தெம்பு அன்று. ஆயினும் பயிற்சி செய்தோரிடையே தசைநோவும் மூட்டுநோவும் சற்று மிகுதியாயிருந்தன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அளவோடு ஏறவேண்டும் என்பதே அதன் பொருள்.

கைப்பட்டி வாங்க வசதியில்லாதோர் என் செய்வது? வசதி வேண்டியதில்லை. பையன் பள்ளிக்கூட விடுதிக்குப் போனபின் கைப்பட்டியும் அவனோடு போயிற்று. சின்னம்மா இரண்டு கிண்ணம் எடுத்தார். ஒன்றிலே புளியங்கொட்டைகளை இட்டார். விறாந்தையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பினால் ஒரு கொட்டையை மற்றக் கிண்ணத்திலே போடுவார். இரவு எண்ணி எழுதுவோம். பின்னர் வெள்ளிக்கிழமைகளிலே கோயில் உள்வீதியை எத்தனைமுறை வலம் வந்தார் என்பதும் கணக்கிலே சேர்ந்தது. ஒரே இடம், ஒரே சுற்று, நாள்தோறும் எழுத்து: இம்மூன்றும் இருந்தால் அளவை உண்டு. ஆறாம் வாரத்திலே சின்னம்மா பேராதனைப் பூந்தோட்டத்தின் சமமான பாதையிலே நடந்தார். மூன்றாம் மாதம், விடுமுறைக்கு வந்த பையன் மீண்டும் பட்டியைக் கட்டிப் பார்த்தபோது 4,100. அன்று கொப்பியின் முதற்பக்கத்தை யாம் எல்லோரும் திருப்பிப் பார்த்தோம்.

எச்சரிக்கை சில சொல்லவேண்டியது எம் கடமை. எப்போது தொடங்குவது, எவ்வளவு என்பதைச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரே சொல்லவேண்டும். வயிற்றுச் சத்திரசிகிச்சையின் பின் அவர் சொல்லும்வரை குடமோ மூட்டையோ தூக்கலாகாது. நெஞ்சுநோவு, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், தலைசுற்றல், காய்ச்சல், தையலிலே நீரோ சீழோ வடிதல் ஆகியவை தோன்றினால் நடையை நிறுத்தி உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். எண் நன்றாக இருக்கின்றதே என்று இவற்றைப் புறக்கணிப்பது, எண் குறைந்ததைப் புறக்கணிப்பதிலும் பெரிய பிழை. இரசாயன சிகிச்சை பெறும் நாட்களிலே தொகை இறங்கி ஏறும், அது இயல்பு. அந்நாட்களிலே நோயாளியைக் கடிந்து நடத்துவது கொடுமை. கொப்பி வைத்திருப்பவர் கங்காணி ஆகிவிடலாகாது.

பெரியோர்களே, எமது நாட்டிலே நடைக்கும் புற்றுநோய்க்கும் இன்னுமோர் உறவுண்டு. 2011 யூலையிலே தென்கோடியாகிய தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றரை 27 நாளிலே பலர் நடந்து, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கப் பணம் திரட்டினர். 2016 இலே வடக்கிலிருந்து தெற்கே 28 நாள் நடந்து, காலிக் கராப்பிட்டியிலே அவ்வாறே ஒன்று அமைக்கத் திரட்டினர். இனமும் மொழியும் பாராது நடந்த நடை அது. அத்தகைய பெருநடை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் பத்து வீடு தள்ளி, சத்திரசிகிச்சை முடிந்து வந்திருக்கும் ஒருவரோடு மாலையிலே கால்மணி நேரம் நடப்பது எந்த இளைஞருக்கும் இயலும். பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயோதிபர் இருவர் மட்டும் வாழும் வீடுகள் நம்மூரிலே பெருகிவிட்டன. அவ்வீடுகளிலே கொப்பி எழுத ஆளில்லை, எழுதியதைப் பார்த்து "ஏன் குறைந்தது?" என்று கேட்கவும் ஆளில்லை. நம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டை ஏற்றுக்கொண்டால், இவ்வாண்டு விழா வெறும் விழாவாய்ப் போகாது.

ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார்: "நோயாளியை இப்படி நாளும் அளந்தால் அவருக்கு மனம் நோகாதா?" நல்ல கேள்வி. யாம் அதைச் சின்னம்மாவிடமே கேட்டோம். அவர் சொன்ன விடையோடு இவ்வுரையை முடிக்கின்றோம்.

"முப்பது வருசமா என்னைய அளந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க, தம்பி. காலையில கூடையை மாட்டுனா அந்திக்குத் தராசுல தொங்க விட்டு எத்தன கிலோன்னு பார்ப்பாங்க. கொறஞ்சா அரைப்பேரு. ஏன் கொறஞ்சிச்சு, ஒடம்புக்கு என்னான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இந்தக் கொப்பியில கொறஞ்சப்ப நீங்க கேட்டீங்களே, அதுதான் வித்தியாசம்."

அளப்பது பெரிதன்று, குறைந்தபோது கேட்பதே பெரிது. கேட்கும் இளைஞர்களாக நாம் வளர்வோமாக.